போல்டன், பிளாக்பூல், பிரைட்டன்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் 1977-78 இங்கிலீஷ் கால்பந்து லீக் சீசனைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்த கையோடு நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி, லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனையும் ஜெயித்த வருஷம் அது. கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஃபாரஸ்ட் கதையைச் சொல்ல வந்துவிட்டுப் பாதிக்கு மேல் இரண்டாம் டிவிஷனைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். சாம்பியன் யார் என்பதுதானே முக்கியம்? (மதுரை வாசகர்)

இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. சனிக்கிழமை ராத்திரி பிபிசியில் முடிவுகளை வாசிப்பார்கள். அவர் மடியில் ஒரு நோட்டு. விரித்தால் இடது பக்கம் முதல் டிவிஷன், வலது பக்கம் இரண்டாம் டிவிஷன். பக்கத்துக்கு 22 அணிகள். இடது பக்கத்தின் அடியில் இருக்கும் மூன்று பெயர்களிலிருந்தும் வலது பக்கத்தின் தலையில் இருக்கும் மூன்று பெயர்களிலிருந்தும் நடு மடிப்பைத் தாண்டிப் பென்சிலில் கோடு போட்டிருப்பார். வாரா வாரம் அந்தக் கோடுகளை அழித்துத் திரும்பப் போடுவார். முடிவு வாசிப்பவர் இரண்டாவது அணியின் பெயரை உச்சரிக்கும் தொனியிலேயே அது வெற்றியா, தோல்வியா, டிராவா என்று தெரிந்துவிடும். எண் வருவதற்குள் சித்தப்பாவின் பென்சில் நோட்டில் இறங்கியிருக்கும்.

அந்தக் கோடுகளில்தான் ஃபாரஸ்ட் கதையே இருக்கிறது. 1972-73 வரைக்கும் இரண்டு அணிகள்தான் ஏறும், இரண்டு இறங்கும். 1973-74 சீசனிலிருந்து அதை மூன்றாக்கினார்கள். 1977 மே மாதம் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் பிடித்தது மூன்றாவது இடம். பழைய விதி இருந்திருந்தால் அவர்கள் மேலே வந்தே இருக்க முடியாது. அடுத்த ஏப்ரலில் இங்கிலாந்தின் சாம்பியன் வேறு யாரோ ஆகியிருப்பார்கள். இரண்டாம் டிவிஷனை விட்டுவிட்டு இதை எப்படிச் சொல்வது?

கேள்வி: அந்த மூன்றாவது இடமும் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்று படித்தேன். உண்மையா? (சேலம் வாசகர்)

அதிர்ஷ்டமும் இருந்தது. ஃபாரஸ்ட் 52 புள்ளி, போல்டன் 51, பிளாக்பூல் 51. வுல்வ்ஸும் செல்ஸீயும் ஏற்கெனவே மேலே போய்விட்டார்கள். ஃபாரஸ்ட் தன் ஆட்டங்களை முடித்துவிட்டது, போல்டனுக்குப் பாக்கி இருந்தது. அந்தப் போல்டன் சொந்த மைதானத்தில் வுல்வ்ஸிடம் 0-1 என்று தோற்றது. ஃபாரஸ்ட் வீரர்கள் அப்போது விடுமுறைக்காக மயோர்கா தீவுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் டிவிஷனுக்கு ஏறியது உறுதியானது அப்போதுதான்.

அந்த மூன்று பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி இடைவெளியில் நின்ற மூன்று அணிகள். ஒரே வருஷத்தில் ஃபாரஸ்ட் முதல் டிவிஷன் சாம்பியன், போல்டன் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். பிளாக்பூல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது.

கேள்வி: பிரையன் கிளஃப் என்ற ஒரு மனிதரின் வித்தைதானே ஃபாரஸ்ட்? ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு பங்கு? (திருச்சி வாசகர்)

கிளஃப் பெரிய மேனேஜர், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. டெர்பியை இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏற்றி 1972இல் சாம்பியன் ஆக்கியவர். 1974இல் லீட்ஸில் 44 நாளில் வேலை போய், 1975 ஜனவரியில் ஃபாரஸ்டுக்கு வந்தார். ஆனால் இன்னொரு பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்: பீட்டர் டெய்லர். அவர் 1976 கோடையில் வந்து சேர்ந்த பிறகுதான் அணி நிமிர்ந்தது. யாரை எங்கிருந்து எடுக்கலாம் என்று பார்க்கிற கண் டெய்லருடையது.

ஆட்டக்காரர்களைப் பாருங்கள். விவ் ஆண்டர்சன், ஃபிராங்க் கிளார்க், லாரி லாய்ட், கேப்டன் ஜான் மெக்கவர்ன், மார்ட்டின் ஓ'நீல், இயன் போயர், ஜான் ராபர்ட்சன், டோனி வுட்காக், பீட்டர் வித் எல்லோரும் இரண்டாம் டிவிஷனில் ஆடியவர்கள்தான். அதே ஆட்கள்தான் மேலேயும் ஆடினார்கள். ஏறிய அணி என்றால் பாதிப் பேரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இன்று நினைக்கிறோமே, அப்படி எதுவும் நடக்கவில்லை.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபிராங்க் கிளார்க். நியூகாசிலுக்காகப் பல வருஷம் இடது பேக் (இடது ஓரத் தடுப்பாட்டக்காரர்) ஆடியவர். 1975இல், வயது முப்பதைத் தாண்டியதும், பணம் எதுவும் கேட்காமல் நியூகாசில் அவரை விட்டுவிட்டது. ஃபாரஸ்ட் எடுத்துக்கொண்டது. 1978இல் அவர் கையில் முதல் டிவிஷன் பதக்கம்; நியூகாசில் 22 புள்ளியோடு கீழே இறங்கியது. சித்தப்பா நோட்டில் கோடு போட்டாரே, இந்த மாதிரி மனிதர்கள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பேர். பர்மிங்காமில் கோல் அடிக்கிற முன்கள ஆட்டக்காரராக இருந்த கென்னி பர்ன்ஸை வாங்கி வந்து தடுப்பாட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் என்று கால்பந்து எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். செப்டம்பரில் ஆர்ச்சி கெம்மில் டெர்பியிலிருந்து வந்தார். அதே மாதம் கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன், 2,70,000 பவுண்டுக்கு. ஒரு கோல்கீப்பருக்கு அது அன்றைக்குப் பெரிய தொகை. அவர் வந்தது ஸ்டோக்கிலிருந்து. ஸ்டோக் அப்போதுதான் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 42 ஆட்டம், 25 வெற்றி, 14 டிரா, 3 தோல்வி. வாங்கிய கோல் மொத்தம் 24. லிவர்பூலைவிட 7 புள்ளி அதிகம். நவம்பர் 19இல் லீட்ஸிடம் தோற்ற பிறகு அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் அவர்களை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. டிசம்பர் 17இல் ஓல்ட் டிராஃபர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தார்கள். வந்த புதிது, கொஞ்ச நாளில் அடங்கிவிடுவார்கள் என்று பேசியவர்களின் வாய் அன்றைக்கு அடைத்தது.

பட்டம் உறுதியானது ஏப்ரல் 22இல், கோவென்ட்ரியில், 0-0. அதில் ஒரு காட்சி. கோவென்ட்ரியின் மிக் ஃபெர்குசன் கோலுக்கு வெகு அருகிலிருந்து ஓங்கித் தலையால் முட்டுகிறார். பந்து கோலுக்குள் போய்விட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஷில்டன் பாய்ந்து கையால் மேலே தட்டிவிடுகிறார். கோல் அடித்துப் பட்டம் வாங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோல் விடாமல் வாங்கிய அணி இது.

கேள்வி: டாட்டன்ஹாம் ஒரு ஆட்டத்தில் 9-0 அடித்ததால்தான் மேலே ஏறியது என்கிறார்களே? (நாகர்கோவில் கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. நானும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பொறுமையாகப் படியுங்கள்.

டாட்டன்ஹாம் 1977இல் முதல் டிவிஷனில் கடைசி இடம் பிடித்து இறங்கிய அணி. மேனேஜர் கீத் பர்கின்ஷாவை அவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. அக்டோபர் 22இல் பிரிஸ்டல் ரோவர்ஸை 9-0 என்று அடித்தார்கள். டார்க்கியிலிருந்து வாங்கி வந்திருந்த கோலின் லீக்கு அது முதல் ஆட்டம். அவர் நாலு கோல். இயன் மூர்ஸ் மூன்று. மீதி இரண்டும் பீட்டர் டெய்லரும் கிளென் ஹாடிலும் (இந்த டெய்லர் வேறு ஆள், ஆட்டக்காரர்).

சீசன் முடிவில் டாட்டன்ஹாமும் பிரைட்டனும் ஆளுக்கு 56 புள்ளி. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள்: அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழிக்க வேண்டும். டாட்டன்ஹாம் அடித்தது 83, வாங்கியது 49, வித்தியாசம் 34. பிரைட்டன் அடித்தது 63, வாங்கியது 38, வித்தியாசம் 25. டாட்டன்ஹாம் மேலே, பிரைட்டன் அங்கேயே.

இப்போது அந்த 9-0ஐ வெறும் 1-0 என்று வைத்துக்கொள்வோம். டாட்டன்ஹாம் வித்தியாசம் 26 ஆகும். அப்போதும் பிரைட்டனைவிட ஒன்று கூடுதல்! ஆக, அந்த ஒன்பது கோல் மட்டும்தான் ஏற்றியது என்பது சரியல்ல. ஆனால் கடைசி நாளில் இரண்டே கோல் சாதகத்தோடு இறங்குவதும் பத்து கோல் சாதகத்தோடு இறங்குவதும் ஒன்றா? அந்த நிம்மதியைக் கொடுத்தது அந்த ஒன்பது கோல்.

இன்னொன்று. 1976 வரை அங்கே கோல் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், கோல் சராசரி பார்ப்பார்கள். அடித்ததை வாங்கியதால் வகுக்க வேண்டும். அந்த முறைப்படி டாட்டன்ஹாம் 1.69, பிரைட்டன் 1.66. மயிரிழையில் டாட்டன்ஹாம்தான். ஆனால் 9-0 இல்லாமல் 1-0 என்றிருந்தால் 1.53 ஆகி, பிரைட்டன் ஏறியிருக்கும். பழைய விதி இருந்திருந்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது முழுக்கச் சரி.

அப்புறம் எனக்கு இன்றும் மனம் ஆறாத கணக்கு ஒன்று. அப்போது வெற்றிக்கு 2 புள்ளி. 1981-82இலிருந்துதான் 3 புள்ளி. பிரைட்டன் 22 வெற்றி, 12 டிரா. டாட்டன்ஹாம் 20 வெற்றி, 16 டிரா. வெற்றிக்கு 3 என்று கூட்டிப் பாருங்கள்: பிரைட்டன் 78, டாட்டன்ஹாம் 76. அதிக ஆட்டம் ஜெயித்த அணி கீழேயே நின்றது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, விதி அப்படி. ஆனாலும் மூன்று புள்ளி முறை வந்தபோது சரியான காரியம் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: கடைசி நாளில் சவுத்தாம்ப்டனும் டாட்டன்ஹாமும் பேசி வைத்து டிரா செய்தார்களா? (கோவை வாசகர்)

1978 ஏப்ரல் 29, சவுத்தாம்ப்டனின் டெல் மைதானம், 0-0. அந்த ஒரு புள்ளியால் இரண்டு அணியும் ஏறின. அதே நேரத்தில் பிரைட்டன் தன் மைதானத்தில் பிளாக்பூலை 2-1 என்று ஜெயித்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது. சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் சவுத்தாம்ப்டன் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர்கள் 57 புள்ளியில் முடித்தார்கள், போல்டன் 58இல். அன்றைக்குச் சவுத்தாம்ப்டன் ஒரே ஒரு கோல் அடித்து ஜெயித்திருந்தால் 58 ஆகி, கோல் வித்தியாசத்தில் போல்டனைத் தாண்டி இரண்டாம் டிவிஷன் பட்டத்தையே வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு 32, போல்டனுக்கு 30. பட்டத்துக்குக் கதவு திறந்திருக்கும்போது பேசி வைத்து டிரா செய்தார்கள் என்று, கையில் ஆதாரம் இல்லாமல், நான் எழுத மாட்டேன். கடைசி நிமிடங்களில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கால் தளர்ந்திருக்கலாம். அது மனித இயல்பு, அதற்குமேல் போய் ஆடியவர்கள் மேல் பழி போடக்கூடாது.

கேள்வி: அந்த சீசனில் யாருக்காக வருத்தப்பட்டீர்கள்? (புதுச்சேரி வாசகி)

ஆலன் மலரிக்காக. பிரைட்டன் மேனேஜர் அவர். அதற்கு முன் பல வருஷம் டாட்டன்ஹாமில் ஆடியவர், 1972இல் டாட்டன்ஹாம் யூயெஃபா கோப்பையை வாங்கியபோது கேப்டன். தன் பழைய அணிதான் கோல் வித்தியாசத்தில் தன் வழியை அடைத்தது. அதுவும் பிரைட்டன் முந்தின வருஷம்தான் மூன்றாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்திருந்தது. நல்லவேளை, 1979இல் நியூகாசிலுக்குப் போய் ஜெயித்து, பிரைட்டன் தன் வரலாற்றில் முதல் முறையாக முதல் டிவிஷனுக்குப் போனது.

பிளாக்பூலுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. 1977இல் ஒரு புள்ளியில் முதல் டிவிஷனைத் தவறவிட்டவர்கள், 1978இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். திரும்ப இரண்டாம் அடுக்குக்கு ஏற 2007 வரை காத்திருந்தார்கள். ஒரு தலைமுறையே போய்விட்டது. ஒரு ஊரில் அப்பா மேல் டிவிஷன் ஆட்டம் பார்த்து வளர்ந்து, மகன் அதைப் பார்க்காமலே வளர்ந்து ஆளாகிறான் என்றால் அது சாதாரண விஷயமா?

கேள்வி: லிவர்பூல்? (ஈரோடு வாசகர்)

லீக்கில் இரண்டாம் இடம். மே மாதம் வெம்ப்ளியில் புரூஜ் அணியை 1-0 என்று ஜெயித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கினார்கள். கோல் டால்கிளிஷ்.

கேள்வி: எவர்ட்டன் ஆட்டக்காரர் ஒருவருக்குப் பத்திரிகை ஒன்று பணம் கொடுத்ததாமே? (விருதுநகர் வாசகர்)

பாப் லாட்ச்ஃபோர்ட். முதல் டிவிஷனில் ஒரே சீசனில் 30 கோல் அடிப்பவருக்கு 10,000 பவுண்டு என்று டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அறிவித்திருந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் அவர் கையில் 28. செல்ஸீயை எவர்ட்டன் 6-0 என்று அடித்தது. லாட்ச்ஃபோர்ட் இரண்டு, அதில் முப்பதாவது பெனால்டி.

கேள்வி: வெஸ்ட் ஹாம் இறங்கியதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! (சென்னை, வெஸ்ட் ஹாம் ரசிகர்)

எழுதியிருக்க வேண்டிய விஷயம்தான். கடைசி ஆட்டத்தில் லிவர்பூலிடம் 0-2 என்று தோற்று, லெஸ்டர், நியூகாசிலோடு இறங்கினீர்கள். டிரெவர் புரூக்கிங் போன்ற ஆட்டக்காரர் அணியை விட்டுப் போகாமல் கூடவே இறங்கியதற்காக உங்கள் மனிதர்களைப் பாராட்டலாம். 1980இல் இரண்டாம் டிவிஷன் அணியாகவே எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆர்சனலை 1-0 என்று ஜெயித்தீர்கள். புரூக்கிங் குனிந்து தலையால் தட்டிய கோல். அது போதாதா?

கேள்வி: 2016இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வாங்கியதைவிட இது பெரிதா? இனி இப்படி நடக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

எனக்கு ஃபாரஸ்ட்தான் பெரிது. லெஸ்டர் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லெஸ்டர் முந்தின சீசனிலேயே பிரீமியர் லீகில் ஆடி 14ஆவது இடம் பிடித்த அணி. ஃபாரஸ்ட் கீழேயிருந்து நேராக வந்தது. அதோடு நிற்கவும் இல்லை: அதே 1978இல் லீக் கோப்பை, 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை. ஏறிய மறுவருஷமே பட்டம் வாங்கியவர்கள் ஃபாரஸ்டுக்கு முன் நாலு பேர்: லிவர்பூல் 1906, எவர்ட்டன் 1932, டாட்டன்ஹாம் 1951, இப்ஸ்விச் 1962. ஃபாரஸ்டுக்குப் பின் இங்கிலாந்தில் யாரும் இல்லை.

இனி நடக்குமா என்றால், ரொம்பக் கஷ்டம். அந்தக் காலத்தில் லீக் ஆட்டத்தின் டிக்கெட் வசூலில் ஒரு பங்கை வந்து ஆடிய அணிக்குக் கொடுக்க வேண்டும். டிவிப் பணமும் கொஞ்சம்தான், அதையும் நாலு டிவிஷனிலும் இருந்த 92 கிளப்பும் பிரித்துக்கொண்டன. அதனால் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். 1983இல் வசூல் பங்கீட்டை நிறுத்தினார்கள். 1992இல் மேல் டிவிஷன் பிரீமியர் லீக் என்று தனியாகப் பிரிந்துபோய், டிவிப் பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. பலன் என்ன? 2023-24இல் ஏறிய மூன்று அணிகளும் அதே சீசனில் இறங்கின. 2024-25இலும் அப்படியே மூன்றும். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஏறுவதும் இறங்குவதும் விதிப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கின்றன. ஏறியவன் நிற்க இடம் இல்லை.

கேள்வி: போல்டன் அப்புறம் என்ன ஆனது? (காரைக்குடி வாசகர்)

போல்டன் 1976இலும் 1977இலும் ஒரே ஒரு புள்ளியில் ஏற்றத்தைத் தவறவிட்டது. மேனேஜர் இயன் கிரீவ்ஸ் பொறுமையாக அதே அணியை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை பட்டத்தோடு ஏற்றினார். அதற்கு உதவியவர் ஃபிராங்க் வொர்த்திங்டன். 1977 செப்டம்பரில் லெஸ்டரிலிருந்து வந்தார். அவரை விட்ட லெஸ்டர் அந்த சீசனில் 42 ஆட்டத்தில் 26 கோல்தான் அடித்து, முதல் டிவிஷனில் கடைசி இடம் பிடித்து இறங்கியது. அவரை எடுத்த போல்டன் ஏறியது.

மேலே போன முதல் சீசனிலேயே, 1978-79இல், 24 கோலோடு முதல் டிவிஷனில் அதிகக் கோல் அடித்தவர் வொர்த்திங்டன்தான். அதில் இப்ஸ்விச்சுக்கு எதிராக அடித்த ஒன்றின் படம் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். கோலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறார். பந்தைத் தலையிலும் காலிலும் தட்டித் தட்டி நிறுத்துகிறார். பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலாக அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சட்டென்று திரும்பி, தரையில் விழும் முன்பே இடது காலால் உதைத்துக் கோலுக்குள் அனுப்புகிறார். போல்டன் 1980இல் திரும்பவும் இறங்கிவிட்டது.